மெல்டெமி காற்றில் சிக்லாடிஸ் தீவுகள்: மலை மறைவில் நங்கூரமிடலாமா?

கேள்வி

வணக்கம். சென்ற ஜூலையில், கிரேக்க நாட்டின் லாவ்ரியோ துறையில் 38 அடிப் பாய்மரப் படகொன்றை வாடகைக்கு எடுத்து, கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ் தீவுகளை ஒரு வாரம் சுற்றிவந்தோம். செரிஃபோஸின் லிவாடி விரிகுடா தெற்குப் பக்கம் திறந்திருப்பதால், வடக்கிலிருந்து வீசும் மெல்டெமிக்கு ஒதுக்காக இருக்கும் என்று நம்பி, 6 மீட்டர் ஆழத்தில் 25 மீட்டர் சங்கிலி விட்டு நங்கூரமிட்டோம். நள்ளிரவில் மலையிலிருந்து காற்று அறைந்தாற்போல் இறங்கியது. நங்கூரம் பிடிவிட்டு, படகு பக்கத்துப் படகை நோக்கி இழுபட்டது. பகலில் வெளிக்கடலில்கூட அவ்வளவு வேகத்தை நாங்கள் காணவில்லை. மலை மறைக்க வேண்டிய காற்று மலையடியில் ஏன் கூடியது? வரும் ஆகஸ்டில் மீண்டும் செல்கிறோம். எத்தகைய இடங்களைத் தேட வேண்டும்?

மறுமொழி 1

உயர்ந்த நிலம் அலையைத் தடுத்துவிடும், காற்றைத் தடுக்காது. முகட்டைத் தாண்டிய மெல்டெமி மறுபக்கச் சரிவில் வேகம் கூடி இறங்கி, பள்ளத்தாக்குகளின் வழியே திரண்டு, ஒருமுறை இடமிருந்தும் மறுமுறை வலமிருந்தும் விட்டுவிட்டு அடிக்கும். படகு அங்குமிங்கும் திரும்பும்போதெல்லாம் சங்கிலி நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுப்பதுதான் பெரிய தொல்லை. லிவாடி இந்த வீச்சுகளுக்குப் பெயர்பெற்ற இடம்.

ஆகவே, தாழ்ந்த நிலத்தின் தென்கரையைத் தேடுங்கள். டெலோஸ் தீவுக்கு அடுத்துள்ள ரினியா தீவின் தென்புற விரிகுடாக்களிலும், ஆன்டிபாரோஸ், டெஸ்போடிகோ தீவுகளுக்கு இடைப்பட்ட ஆழம் குறைந்த பகுதியிலும் காற்று ஓயாது என்றாலும் ஏறக்குறைய ஒரே திசையில் சீராக வீசும். சீரான 25 நாட் (knot; மணிக்குச் சுமார் 46 கி.மீ.) காற்றில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். 10-க்கும் 35-க்கும் இடையே தாவும் காற்றில் ஒருபோதும் இல்லை. (டெலோசில் இரவு தங்க அனுமதி இல்லை.)

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே. ஆனாலும் பழி முழுவதையும் மலைமேல் போட முடியாது. 6 மீட்டர் ஆழத்துடன், நீர்மட்டத்துக்கு மேல் படகு முகப்பின் உயரம் 1 மீட்டரைச் சேர்த்தால் 7 மீட்டர்; நீங்கள் விட்ட சங்கிலி அதில் மூன்றரை மடங்குதான். சாதாரண இரவுக்கே ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் வேண்டும். மெல்டெமி வீசும்போது, படகு சுழல இடம் இருந்தால், ஏழு மடங்காக 49 மீட்டர் விடுவேன். அடுத்தது தரை. அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடலடியில் பல இடங்களில் பொசிடோனியா என்னும் கடற்புல் அடர்ந்திருக்கும். நங்கூரம் அதன் வேர்ப்பின்னலைத் துளைக்காமல் மேலோடு வழுக்குவதோடு, மெல்ல வளரும் அந்தப் புல்லையும் கிழித்துவிடும். நீருக்குள் கருமையாகத் தெரிவது புல், வெளிறித் தெரிவது மணல். வெளிறிய திட்டில் நங்கூரத்தை இறக்கி, என்ஜினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி, நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று அறிய, கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்கள் ஒரே நேர்கோட்டில் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கேட்டவர்

நன்றி. நாங்கள் பொழுது சாய்ந்த பிறகே உள்ளே நுழைந்ததால், மணலா புல்லா என்று பார்க்கவே முடியவில்லை. இம்முறை ரினியா வரை போகலாமா?

மறுமொழி 1

போகலாம், ஆனால் திரும்பும் வழி காற்றுக்கு எதிரானது. மெல்டெமி தொடங்கினால் மூன்று நான்கு நாள் ஓயாமல் வீசக்கூடும் என்பதால், கடைசி இரண்டு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, கித்னோஸின் மேற்குக் கரையிலுள்ள ஃபிகியாடா விரிகுடாவுக்கு முன்கூட்டியே வந்துவிடுங்கள். அங்கிருந்து லாவ்ரியோவுக்கு, காற்று சற்றுத் தணியும் விடியற்காலையில் புறப்படலாம்.