இழை: “பேரண்ட் கேஸ்” – மூலக்கூடா, தாய்க்கூடா?

நண்பர்களே,

தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்வோருக்கான கையேட்டில், .308 வின்செஸ்டர் தோட்டாவிலிருந்து 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கு மாறுவது கட்டுப்படியாகுமா என்ற பகுதியில் இப்படி எழுதியிருக்கிறேன்: “மூலக்கூடு ஒன்றாக இருப்பதால் மாற்றச் செலவு குறைவு.” “பேரண்ட் கேஸ்” (ஒரு தோட்டாவின் கூடு எந்தப் பழைய கூட்டிலிருந்து உருவானதோ அது) என்பதற்கு இந்தச் சொல் சரியா?

– ர.

---

> மூலக்கூடு ஒன்றாக இருப்பதால்

மூலக்கூடு வேண்டாம். வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு அது மூலக்கூறு என்றுதான் தெரியும். தாய்க்கூடு என்றே வைக்கலாம்.

ஆனால் வாக்கியமே தப்பு. இவை ஒரு தாய் மக்கள் அல்ல. 2007-இல் ஹார்னடி நிறுவனம் உருவாக்கிய கிரீட்மூரின் தாய், .30 டி.சி. என்ற தோட்டாவின் கூடு. .308-க்கும் கிரீட்மூருக்கும் பொது, கூட்டின் அடிப்பக்க விட்டம் மட்டுமே: 0.473 அங்குலம். இதற்குத் தனிச்சொல் வேண்டும், அடிவட்டம் என்கிறேன்.

அடிவட்டம் ஒன்றானால் போல்ட் (தோட்டாவின் பின்னால் அறையை மூடும் பகுதி) தப்பியது, ஷெல் ஹோல்டர் (நிரப்பும்போது கூட்டைப் பிடித்திருப்பது) தப்பியது, பெரும்பாலும் மேகசினும் தப்பியது. குழல், டை செட் (கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து குண்டைப் பொருத்தும் கருவிகள்), பித்தளைக் கூடு, குண்டு நான்கும் புதிதாக வாங்கியாக வேண்டும்.

தாய்க்கூடும் ஒன்றானால் கூட்டுச் செலவும் மிச்சம். .260 ரெமிங்டன் அப்படிப்பட்டது. .308 கூட்டுக்கு லூப் (மசகு) தடவி .260 டையில் ஏற்றினால், குண்டைப் பிடிக்கும் கழுத்து சுருங்கிவிடும். சுருங்கும்போது கழுத்துச் சுவர் தடிக்கும் என்பதுதான் வில்லங்கம். தடித்த கழுத்து, தோட்டா உட்காரும் குழல் அறையில் இறுகி நின்றால், சுடும்போது குண்டை விட இடமில்லாமல் அழுத்தம் எகிறும். முதலில் ஒரு கூட்டில் வெடிமருந்தில்லாமல் குண்டை மட்டும் பொருத்திக் கழுத்தின் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். அறைக் கழுத்தைவிட 0.002 அங்குலமாவது குறைவாக இல்லையென்றால் கழுத்தைக் கடைந்து மெலிதாக்காமல் நிரப்பக் கூடாது. இன்னொன்று: கூட்டின் அடியில் “.308 வின்” என்ற முத்திரை அப்படியேதான் இருக்கும். பெட்டிமேல் பெயர் எழுதாவிட்டால் தோட்டா வேறு துப்பாக்கிக்குள் போய்விடும்.

கிரீட்மூர் கூடு வாங்கும்போதும் ஒரு பொறி உண்டு. லப்புவா நிறுவனக் கூட்டில் சிறிய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிமிழ்), அதன் தீ மருந்துக்குப் போகும் தீத்துளையும் சிறியது. வழக்கமான டையிலுள்ள பிரைமர் தள்ளும் ஊசி அந்தத் துளையில் மாட்டி வளையும். மெல்லிய ஊசியையும் பட்டியலில் சேருங்கள்.

– க.

---

க. ஐயா, அடிவட்டம் எனக்கும் சரி. ஆங்கிலத்தில் “ஹெட்” என்பதால் இங்கே சிலர் “கூட்டுத்தலை” என்று எழுதுகிறார்கள். நம் வாசகர் குண்டு இருக்கும் பக்கத்தைத்தான் தலை என்று நினைப்பார்.

“மாற்றச் செலவு” என்பதற்குள் எது அடங்கும் என்பதையும் வரையறுத்துவிடலாம். சுடுகைக்கு இவ்வளவு மிச்சம் என்று சொல்லி யாரும் மாற முடியாது. குண்டு விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்தும் ஏறக்குறைய அதே செலவுதான்: ஒரு பவுண்டு 7,000 கிரெயின்; தோட்டாவுக்கு 42 என்று வைத்தால் 166 தோட்டா. (இது காசுக் கணக்குக்கு மட்டும். நிரப்பும் அளவுக்கு மருந்து நிறுவனத்தின் அட்டவணைதான்.) குழல் கணக்கோ பாதகம். .308 குழல் துல்லியம் கெடாமல் சுமார் 5,000 சுடுகை தாங்கினால், கிரீட்மூர் குழல் 2,500, 3,000-க்குள் தளர்ந்துவிடும்.

கிடைப்பது காற்று விலகல் குறைவதும் உதைப்பு குறைவதும். 600 மீட்டருக்கு அப்பால் சுடுபவருக்கு அது பெரிது. 300 மீட்டருக்குள் மான் வேட்டைக்குப் போகிறவர் மாற வேண்டிய அவசியமே இல்லை என்பேன்.

மாறுவதென்றாலும் பழைய குழல் தேயும்வரை பொறுக்கலாம். எப்படியும் புதுக் குழல் போட வேண்டியிருக்கும்போது அந்தக் காசு மாற்றச் செலவில் சேராது. டை, கூடு, குண்டு மட்டுமே சேரும். சாவேஜ் போல் குழல்நட் (குழலை இறுக்கும் நட்) உள்ள துப்பாக்கியில், அறையின் ஆழம் சரியா என்று பார்க்கும் ‘கோ’, ‘நோ-கோ’ அளவிகளை வைத்துச் சொந்தமாகவே மாட்டலாம். ரெமிங்டன் 700 என்றால் பெரும்பாலும் துப்பாக்கிப் பட்டறைக் கூலியும் உண்டு.

ர.-வின் வாக்கியத்துக்கு என் திருத்தம்: “அடிவட்டம் ஒன்றாக இருப்பதால் போல்ட்டை மாற்ற வேண்டாம், தாய்க்கூடு வேறாக இருப்பதால் கூடுகளைப் புதிதாக வாங்க வேண்டும்.”

டை, டை என்றே இருக்கட்டும். அச்சு என்று போட்டால் ஈயக்குண்டு வார்க்கும் அச்சோடு குழம்பும்.

– செ.