மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் குடும்பக் குழு

குழு: பனிமய மாதா பிள்ளைகள்
மே மாதக் கடைசி வாரம், வெள்ளிக்கிழமை

காலை 6:10

தம்பி (பஹ்ரைன்): அனைவருக்கும் காலை வணக்கம். இயேசுவுக்கே புகழ்.

தம்பி: (பகிரப்பட்டது) முழு நம்பிக்கையோடு கேட்பவரின் வீட்டில் குறை என்பதே இருக்காது. குறை இருந்தால் உங்கள் நம்பிக்கையைச் சோதித்துப் பாருங்கள். ஏற்றுக்கொள்கிறவர்கள் ஆமென் என்று எழுதுங்கள்.

அம்மா: ஆமென்.

பெரியப்பா: மரியே வாழ்க.

காலை 6:52

அண்ணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: அண்ணி, என்ன எழுதி அழித்தீர்கள்?

அண்ணி: ஆமென் எழுதத்தான் வந்தேன். கை வரவில்லை. எங்கள் வீட்டில் குறை இருக்கிறது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்த அன்றே மகளிர் குழுக் கடனுக்கும் பலசரக்குக் கடைப் பாக்கிக்கும் போய்விட்டது. ஏப்ரல் 15-இல் விசைப்படகைக் கட்டினார்கள். ஜூன் 14 முடியும்வரை உங்கள் அண்ணனுக்குப் படகு வருமானத்தில் பங்கு கிடையாது. பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, அடுத்த வெள்ளிக்குள் முதல் தவணை கட்டச் சொல்கிறார்கள். ஒரு நாள் தவறாமல் செபமாலை சொல்கிறேன். இதற்குமேல் எந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது?

நான்: தம்பி, அந்தச் செய்தியை வேறு எங்கும் அனுப்பாதே. பைபிளில் யோபுவின் நண்பர்கள் பேசிய பேச்சு இது. அடிபட்டுக் கிடப்பவனிடம் வந்து, உன்மேல்தான் தவறு இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் சினம் கொண்டது அந்த நண்பர்கள்மீது, யோபுமீது அல்ல.

தம்பி: அண்ணி, உங்கள் நிலைமை எனக்குத் தெரியாது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு கட்ட வேண்டும்? எனக்குச் சம்பளம் 5-ஆம் தேதி.

பெரியப்பா: அவன் சொல்ல மாட்டான். அவன் அப்பாவும் இப்படித்தான், என் தம்பியை எனக்குத் தெரியாதா? 2001-இல் தடை வந்தபோது 45 நாள். 2017-இல் 61 நாள் ஆக்கினார்கள். மீன் முட்டையிடும் காலம், கடலை விட்டுவைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படகுக்காரர் இந்த நாட்களில் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்த்து வர்ணம் அடிக்கிறார். பங்குக்குப் போகிறவனுக்கு அடுத்த சீசனுக்கான முன்பணம்தான் கையில் வரும், அதுவும் கடன்தான். மருமகளே, நீ எழுதியது நல்லது. இந்தக் குழுவில் பூப்படமும் வணக்கமும் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் இது எதற்கு?

காலை 7:40

சித்தி (சிஸ்டர், அருட்சகோதரி): இப்போதுதான் திருப்பலி முடிந்து வந்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். அம்மாடி, நான் சொல்லப் போவதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதே.

சித்தி: யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தை நாம் ஒவ்வொரு பாஸ்கா (ஈஸ்டர்) காலத்திலும் கேட்கிறோம். பேதுரு மீன்பிடிக்கப் போகிறேன் என்கிறார், மற்றவர்களும் கிளம்புகிறார்கள். இரவு முழுவதும் ஒன்றும் படவில்லை. விடியும்போது கரையில் நிற்கிற இயேசு, மீன் ஏதும் படவில்லையா என்று கேட்கிறார். அவர்கள் இல்லை என்கிறார்கள். அந்த இடத்தைக் கவனி. உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று அவர் சொல்லவில்லை. வலையை வலப்பக்கம் போடச் சொல்கிறார், 153 பெரிய மீன் படுகிறது. எல்லாரும் 153-ஐத்தான் பிரசங்கம் செய்கிறார்கள்.

சித்தி: எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கரையில் இருந்த அடுப்பு. அவர்கள் கரைக்கு வந்தபோது கரி நெருப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, பக்கத்தில் அப்பமும் இருக்கிறது. இவர்கள் பிடித்து வந்த மீன் இன்னும் வலைக்குள்ளேயே கிடக்கிறது. அப்படியானால் அந்த மீன் யார் பிடித்தது? அப்புறம்தான், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார். அவர் வைத்ததும் இவர்கள் பிடித்ததும் ஒரே நெருப்பில் வேகிறது. ராத்திரி முழுக்க வெறும் வலை இழுத்தவனைக் கூப்பிட்டு முதலில் சாப்பிடச் சொன்ன ஆண்டவரைத்தான் நான் நம்புகிறேன். குறை உள்ள வீட்டில் நம்பிக்கை இல்லை என்பது நம் ஆண்டவர் பேசுகிற மொழியே அல்ல.

அண்ணி: சிஸ்டர், இதைக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் கரையில் அடுப்பு எங்கே எரிகிறது என்று தெரியவில்லையே.

அம்மா: என் வீட்டில் எரிகிறது. நீ ஏன் வரவில்லை?

அம்மா: உலை வைக்கும் முன் தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துப் பழைய பால்மாவு டப்பாவில் போட்டு வைப்பேன், உனக்குத் தெரியும். புனித அந்தோணியாருக்கு என்று நேர்ந்தது. மூடி மூட முடியாத அளவுக்கு நிறைந்து, இப்போது இரண்டாவது டப்பாவும் பாதி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை கோயிலில் கொடுக்க இருந்தேன். ஆனால் நேர்ந்ததைச் சொந்த மகன் வீட்டுக்குக் கொடுக்கலாமா என்றுதான் யோசிக்கிறேன். தங்கச்சி, நீ சொல்.

சித்தி: அக்கா, அந்தோணியார் பெயரில் கொடுக்கும் ரொட்டி யாருக்கு? இல்லாதவர்களுக்கு. உங்கள் மகன் வீட்டிலும் இப்போது இல்லாமைதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அம்மா: சரி. பத்து மணிக்கு நானே கொண்டுவருகிறேன். புளி, கருவாடும் இருக்கிறது.

அண்ணி: அத்தை 🙏

காலை 9:25

நான்: அண்ணி, பாப்பா ஆறிலிருந்து பன்னிரண்டு வரை நம் பள்ளியில் தமிழ் வழியில்தானே படித்தாள்? அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும் தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 டிசம்பரில் நம் தூத்துக்குடியில்தான் அந்த விரிவாக்கத்தைத் தொடங்கி வைத்தார்கள். சேர்ந்த பிறகு கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் தவணைக்கு உதவாது, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். முதல் தவணையில் பாதியை நான் கட்டுகிறேன்.

தம்பி: மீதிப் பாதி நான். இங்கே நண்பரிடம் வாங்கி இன்றே அனுப்புகிறேன், 5-ஆம் தேதி அவருக்குக் கொடுத்துவிடுவேன்.

சித்தி: நம் பங்குக் கோயிலில், இல்லாதவர்களுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபைச் சகோதரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லவா? ஜூன் பாதிவரை வீட்டுச் செலவுக்கு அவர்கள் துணையாக இருப்பார்கள். வீடு தேடி வந்து பார்ப்பதுதான் அவர்கள் பணியே.

பகல் 12:35

அண்ணன்: வலை வேலையில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். பாப்பா விஷயத்தில் நீங்கள் செய்வதை மறுக்க மாட்டேன். ஆனால் சித்தி, சபைக்காரர்கள் வேண்டாம். அவர்கள் பையோடு வந்து நின்றால் தெரு முழுவதும் பார்க்கும். நான் கை கால் நன்றாக இருக்கிறவன். கடவுளிடம் கேட்கலாம், ஊரிடம் கேட்க முடியாது.

பெரியப்பா: மகனே, ஒன்று கேட்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கிறதா?

அண்ணன்: அதற்கும் இதற்கும் என்ன, பெரியப்பா?

பெரியப்பா: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரல் பக்கம் வீடுகளெல்லாம் தண்ணீரில். நீயும் உன் கூட்டாளிகளும் யாரும் கூப்பிடாமல் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். மொட்டை மாடியில் நின்ற ஒரு குடும்பத்தை இறக்கினோம், அந்த அம்மா விடிய விடியக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம் என்று நீதான் வந்து சொன்னாய். கூப்பிட்டவருக்குப் பதிலாக வந்தது உன் படகு. அவர் ஏறும்போது, ஊரார் படகில் ஏற மாட்டேன், கடவுளே நேரில் வரட்டும் என்றாரா?

பெரியப்பா: அதே நாளில்தான் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் இருந்தபோது, இருந்த அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் நம் கோயிலுக்கு வருகிறவர்கள் அல்ல. பைபிளில் பஞ்ச காலத்தில் இறைவாக்கினர் எலியாவுக்குச் சோறு போட்டதும் இஸ்ரயேல்காரி அல்ல, சீதோன் நாட்டுச் சாரிபாத்துக் கைம்பெண். அவர் கையிலும் ஒரு வேளைக்கான மாவுதான் இருந்தது. அந்த வீட்டு வாசலில் நின்று அப்பம் கேட்க எலியா வெட்கப்படவில்லை. இறைவாக்கினருக்கு இல்லாத கௌரவம் உனக்கு எதற்கு?

தம்பி: பெரியப்பா ❤️

சித்தி: அந்த ஓடையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அத்தான். அதற்கு முன் எலியாவைக் கெரீத்து ஓடைக்குப் போகச் சொன்னவர் கடவுள். அந்த ஓடையே வற்றிவிட்டது. வற்றியதால் எலியாவின் நம்பிக்கை பொய் என்று ஆகவில்லை. அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொன்னார், எலியா எழுந்து போனார்.

பகல் 1:20

அண்ணன்: அந்த அம்மா படகில் ஏறும்போது ஒரு கோழியையும் கையில் பிடித்திருந்தார். இறக்கிவிட்டதும் அதை எங்களுக்குக் கொடுக்கப் பார்த்தார். நாங்கள் வாங்கவில்லை. நீங்கள் சொல்வதை யோசிக்கிறேன், பெரியப்பா.

பெரியப்பா: யோசித்துக்கொண்டே திரேஸ்புரத்துக்கு வா. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. எனக்குத் தெரிந்த வள்ளக்காரர் ஒருவருக்கு ஆள் குறைகிறது. விசைப்படகு நிற்கும் காலத்தில் மீனுக்கு நல்ல விலை. விசைப்படகுப் பங்கு அளவுக்கு வராது, ஆனால் அன்றன்று பங்கு கைக்கு வரும். கேட்டுவிட்டேன், வரச் சொல்லிவிட்டார்.

அண்ணி: எப்போது கேட்டீர்கள், மாமா?

பெரியப்பா: நீ காலையில் எழுதிய உடனே கிளம்பிவிட்டேன்.

மாலை 5:15

அம்மா: அரிசி கொடுத்துவிட்டேன். பாப்பா டப்பாவைக் கழுவித் திருப்பித் தந்துவிட்டாள். நாளையிலிருந்து மறுபடி பிடி போடலாம்.

தம்பி: பணம் அனுப்பிவிட்டேன் அண்ணி, வந்ததும் சொல்லுங்கள்.

அண்ணி: வந்துவிட்டது. நாளை சனிக்கிழமை கல்லூரி அலுவலகம் மதியம் வரைதான், காலையிலேயே பாப்பாவோடு போகிறேன். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வேறு என்ன எடுக்க வேண்டும்?

நான்: ஆதார், புகைப்படம், பாப்பா பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்: சித்தி, சபைச் சகோதரர்களிடம் சொல்லுங்கள். இருட்டிய பிறகு வரச் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வரட்டும். நாளை விடியுமுன் நான் வள்ளத்துக்குப் போகிறேன், அதனால் அவளிடமே பேசட்டும்.

சித்தி: சரி, மகனே. இன்றே சொல்லிவிடுகிறேன்.