மறு: மரமில்லாத இடத்தில் தூளி கட்டிப் படுக்கும் டிரெய்லர், தமிழில் என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஆனால் பேசப்படும் சாமான் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, நாம் சீக்கிரம் பெயர் வைக்காவிட்டால் தெருவே வைத்துவிடும் போல இருக்கிறது. முன்னால் ஒரு கம்பு, பின்னால் ஒரு கம்பு, நடுவில் துணி. "பாடை வண்டி" என்று ஏற்கனவே ஒருமுறை காதில் விழுந்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் ஆறடிக்கு நாலடிப் பெட்டி, ஒரே அச்சு, இரண்டு சக்கரம். போய்ச் சேர்ந்த இடத்தில் கம்புகளை நிறுத்தித் துணியைக் கட்டிப் படுத்துக்கொள்ளலாம். எதற்கு இந்த வேலை என்று கேட்டவருக்குப் பதில்: திருமங்கலம் தாண்டி நண்பரின் கரிசல் காடு இருக்கிறது. காடு என்றுதான் பெயர், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரம் கிடையாது. கண்மாய்ப் பக்கம் போனால் சீமைக்கருவேலம், முள்ளுக்குள் யார் போய்க் கயிறு கட்டுவது? தரையில் முளை அடித்துக் கம்பு நட்டும் பார்த்தேன். மழை பெய்தால் கரிசல் களியாகிவிடுகிறது, வெயிலில் வெடிப்பு விட்டு முளை கையோடு வந்துவிடுகிறது.

> "இழுவை வண்டி என்றே சொல்லிவிடலாமே"

சொல்லலாம், ஆனால் எது எதை இழுக்கிறது? டிராக்டரையும் இழுவை என்கிறோம், வழியில் நின்றுபோன காரைக் கட்டி இழுத்துப் போவதும் இழுவை வண்டி, இப்போது பின்னால் சும்மா வருவதும் இழுவை வண்டி என்றால் "இழுவை வண்டி இழுவை வண்டியை இழுத்தது" என்று எழுத வேண்டியதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை, இன்ஜின் இல்லாத டிரெய்லரையும் அது மோட்டார் வாகனத்துக்குள்ளேயே அடக்கிவிடுகிறது (ஆகையால் பதிவு வேண்டும், ஒட்டவைத்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்). என் கட்சி இதுதான்: இழுவை, பின், தொடர் என்று எதையும் முன்னால் ஒட்ட வேண்டாம். மாடு இழுத்த காலத்தில் வண்டி என்றாலே இழுக்கப்படுவதுதானே? வெறும் வண்டி போதும்.

> "தொட்டில் வண்டி"

மதுரைப் பக்கம் தொட்டில்தான் வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சில் ல் விழுந்து "தொட்டி வண்டி" ஆகிவிடும், கேட்பவர் தண்ணீர் லோடு வருகிறது என்று குடத்தோடு வாசலுக்கு வருவார். ஊஞ்சல் என்றால் பலகை. ஊஞ்சலில் ஆடுவோம், இதில் ஆட்டம் முக்கியமில்லை, துணி உடம்பை ஏந்திக்கொள்வதுதான் முக்கியம். தொங்குபடுக்கை, வலைமஞ்சம் இரண்டும் எழுத்தில் அழகு, யாரும் சொல்லப்போவதில்லை. தூளி என்றால் அந்தத் துணியும் தொய்வும் உடனே கண்ணில் வருகிறது. குழந்தைக்கு உரியது என்று ஒருவர் ஆட்சேபித்தார். இருக்கட்டுமே, பெரியவர் படுத்தால் பெரிய தூளி. ஆகவே என் ஓட்டு தூளிவண்டி.

இனி உறுப்புகள். எனக்கு உண்மையில் அக்கறை இங்கேதான்.

தொய்வு என்ற சொல்லை முதலில் நிலைநாட்ட வேண்டும், ஏனென்றால் எல்லாக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. கயிறு கிடைக்கோட்டுக்கு 30 பாகையில் இறங்கினால், 80 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் அதே 80 கிலோ இழுப்பு. நன்றாக விறைப்பாக இருக்கட்டும் என்று 10 பாகைக்குக் கட்டினால் அது 230 கிலோ. துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டி, ஈரப் போர்வையைப் போட்டதும் சுவரிலிருந்து ஆணியே பிடுங்கி வந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும், அதே கதை.

30 பாகையிலும்கூட, கம்பின் உச்சியை உள்பக்கமாகச் சுமார் 70 கிலோ இழுக்கிறது. நான் முதலில் நிறுத்திய ஒன்றரை இன்ச் பைப் இரண்டும் ஒன்றையொன்று கும்பிடுவதுபோல் வளைந்துவிட்டன. உச்சிகளுக்கு இடையில் குறுக்கே ஒரு நீளப் பைப் கொடுத்த பிறகுதான் நின்றன. அந்தக் குறுக்குப் பைப்புக்கு "இடைவிரிப்புச் சட்டம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரும்புத் தொட்டில் எடுப்பதைப் பார்த்திருப்பார்தானே? அம்மா ஒரு முனை, அப்பா ஒரு முனை, தோளில் கரும்புக் கட்டு, அதில் மஞ்சள் துணி, துணிக்குள் பிள்ளை. துணி எவ்வளவு இழுத்தாலும் அம்மாவும் அப்பாவும் மோதிக்கொள்வதில்லை, நடுவில் கரும்பு அந்த நெருக்கலை வாங்கிக்கொள்கிறது. மரமில்லாமல் தூளி கட்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காவடிக்கும் பல்லக்குக்கும் உள்ள சொல்லே இதற்கும் போதும்: தண்டு. என்னுடையது பன்னிரண்டு அடித் தண்டு, இரண்டு துண்டாகக் கழற்றலாம்.

அடுத்தது, பெட்டியிலிருந்து கார்வரை நீளும் இரும்பு. இதற்கு மட்டும் இழையில் ஐந்து புதுச்சொற்கள். மாட்டு வண்டியில் அது ஏர்க்கால், முடிந்தது. ஏர்க்காலின் மேல் விழும் எடைக்கு ஒருவர் ஆங்கிலத்தின் tongue weight-ஐ அப்படியே பெயர்த்து "நாக்கு எடை" என்று எழுதியிருக்கிறார், படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. முதல் தடவை முன்கம்பைப் பெட்டிக்குள்ளும் பின்கம்பைப் பெட்டிக்கு வெளியே சாய்த்தும் வைத்திருந்தேன். காரைக் கழற்றிவிட்டுப் பெருமையாக ஏறிப் படுத்தேன். என் எடை அச்சுக்குப் பின்னால் விழுந்து ஏர்க்கால் வானத்தைப் பார்க்க, நான் கரிசல் மண்ணைப் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கிட்டே வந்து ஒரே வரிதான் சொன்னார்: "பின்பாரமாப் போச்சேப்பா, முன்பாரம் வைக்கணும்ல?" வண்டி ஓட்டிய யாருக்கும் தெரிந்த சொற்கள் அவை. இப்போது முன்கம்பு ஏர்க்கால் மேலேயே நிற்கிறது, நாலு மூலைக்கும் ஜாக்கி. சாலையிலும் அதே விதிதான், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் விழ வேண்டும், இல்லாவிட்டால் வேகம் எடுத்ததும் வால் ஆடும். ஆக, முன்பாரம், பின்பாரம். இதைப் பற்றி விவாதிக்க நான் தயாராக இல்லை.

தூளியைப் பெட்டியின் நீளவாக்கில்தான் கட்ட வேண்டும், குறுக்கே கட்டினால் கவிழும். அதற்குச் சொல் எதுவும் வேண்டாம், புத்தி போதும்.

மிச்சம் இருப்பது ஒன்று. காரின் பின்னால் 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு இருக்கும், ஏர்க்காலின் நுனி அதை மேலிருந்து கவ்விக்கொள்ளும். கவ்வுவதைக் கவ்வி என்றே சொல்லலாம். குண்டுக்குக் குமிழ், கோளம், பந்து என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நேற்று லேத்துப் பட்டறையில் கேட்டேன், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "உருண்டை" என்றார். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. மறுப்பு இருப்பவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள், அன்றைக்குத்தான் பெயின்ட் அடித்து ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதப் போகிறேன்.