குவெரி ஓடுது, விடை மட்டும் தப்பா வருது: எஸ்க்யூஎல் இன்டர்வியூ பயிற்சி

கேள்வி:
டேட்டா அனலிஸ்ட் இன்டர்வியூவுக்கு மூணு வாரம் இருக்கு. எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸ்ல தகவல் கேக்குற மொழி) ஜாயின் (டேபிள்களை இணைக்கிறது), குரூப் பை (ரோக்களைக் குழுவாக்குறது) எல்லாம் எழுத வரும். ஆனா மாதிரி டேட்டாவுக்குச் சரியா வர்ற குவெரி, மறைச்சு வச்சிருக்கிற டெஸ்ட் கேஸ்ல விழுந்துடுது. எதைக் கவனிக்கணும்? பைதானும் பார்க்கணுமா?

பதில் 1:
எர்ரரே காட்டாம தப்பு விடை தர்ற இடங்கள்ல முக்கியமானவை ரெண்டு: ஜாயின்ல ரோ பெருகுறது, அப்புறம் 'நல்' (NULL, மதிப்பே இல்லாத காலி இடம்).

ஆர்டர் டேபிள்ல ஒரு ஆர்டர், தொகை 500. அதே ஆர்டருக்கு பேமென்ட் டேபிள்ல 2 ரோ. ஜாயின் பண்ணி ஆர்டர் தொகையைக் கூட்டினா 1000 வரும். உடனே டிஸ்டிங்க்ட் (திரும்ப வர்றதை நீக்குறது) போட்டுச் சரிக்கட்டாதீங்க. 500க்கே இன்னொரு ஆர்டர் இருந்தா அதுவும் சேர்ந்து காணாமப் போயிடும். பேமென்ட்டை முதல்ல ஆர்டர் ஐடி வாரியா குரூப் பண்ணி, ஆர்டருக்கு ஒரே ரோன்னு ஆக்கிட்டு ஜாயின் பண்ணுங்க. 'இந்த டேபிள்ல ஒரு ரோ எதைக் குறிக்குது?' இதை எழுதி வச்சுட்டுத்தான் குவெரியைத் தொடங்கணும்.

'நாட் இன்' (இந்தப் பட்டியல்ல இல்லாதது) போடுற சப்குவெரிக்குள்ள, அதாவது உள்ளே இருக்கிற குவெரியில, ஒரே ஒரு 'நல்' இருந்தாலும் ஒரு ரோ கூட வராது. 'நல்'லோட ஒப்பிட்டா உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, 'தெரியாது'ன்னுதான் வரும். ரோக்களை வடிகட்டுற வேர் (WHERE) உண்மையை மட்டும்தான் உள்ளே விடும். அதுக்குப் பதிலா, பொருந்துற ரோ இல்லையான்னு பார்க்கிற 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதிப் பழகுங்க.

லெஃப்ட் ஜாயின்ல (இடது டேபிளோட எல்லா ரோவையும் வச்சுக்கிறது) வலது டேபிளுக்கான நிபந்தனையை (தேதி, ஸ்டேட்டஸ் மாதிரி) வேர்ல வச்சா அது இன்னர் ஜாயினா (ரெண்டுலயும் பொருந்துற ரோ மட்டும்) மாறிடும். ஜாயின் நிபந்தனை எழுதுற ஆன்ல (ON) வைங்க. லெஃப்ட் ஜாயின்ல, ஆர்டரே போடாத கஸ்டமருக்கு ரோக்களை எண்ணுற கவுன்ட் ஸ்டார், COUNT(*), 1 காட்டும், ஆர்டர் ஐடியை எண்ணினா 0.

பதில் 2:
விண்டோ ஃபங்ஷன் (ரோக்களை ஒண்ணாக்காம, ஒவ்வொரு ரோவுக்கும் மத்த ரோக்களை வச்சுக் கணக்குப் போடுறது) கேக்காத இன்டர்வியூ அபூர்வம். சம்பளம் 900, 900, 800 இருந்தா ரோ நம்பர் 1, 2, 3. ரேங்க் 1, 1, 3. டென்ஸ் ரேங்க் 1, 1, 2. 'ரெண்டாவது அதிகச் சம்பளம்'னு கேட்டா டென்ஸ் ரேங்க்தான். ரேங்க் போட்டு 2ஐத் தேடினா ஒண்ணும் கிடைக்காது. வேர், குரூப் பை, ஹேவிங் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் விண்டோ கணக்கு நடக்கும், அதனால அதை வேர்ல வைக்க முடியாது. வித் (WITH, விடைக்குப் பேர் வச்சு டேபிள் மாதிரி பயன்படுத்துறது) போட்டு வெளியே வடிகட்டுங்க.

தொடர்ச்சியா எத்தனை நாள் லாகின் பண்ணாங்கன்னு கேட்டா தேதியிலிருந்து ரோ நம்பரைக் கழிங்க. 5, 6, 7, 10 தேதிகள்ல 1, 2, 3, 4 கழிச்சா 4, 4, 4, 6. ஒரே எண் வர்றது ஒரு தொடர். ரொம்ப அழகான உத்தி இது! ஒரே நாள்ல ரெண்டு லாகின் இருந்தா கணக்கு உடைஞ்சிடும். இங்கே மட்டும் டிஸ்டிங்க்ட் முதல்லயே வேணும்.

கேள்வி கேட்டவர்:
லெஃப்ட் ஜாயின்லதான் மாட்டிக்கிட்டிருக்கேன்னு இப்ப புரியுது. பைதான்?

பதில் 3:
மூணு நாள்ல ஒரு நாள் போதும். டிக்ஷனரியில (கீ-மதிப்பு ஜோடிகள்) எண்ணுறது, செட்ல (திரும்ப வராத மதிப்புகளோட தொகுப்பு) தேடுறது, ஸ்லைடிங் விண்டோ (பட்டியல்ல ஒரு தொடர் பகுதியை நகர்த்திக்கிட்டே பார்க்கிறது), இந்த மூணும் கை வரணும். கூட்டினா 9 வர்ற ஜோடியைத் தேட ரெண்டு லூப் வேண்டாம். ஒவ்வொரு எண்ணையும் 9லிருந்து கழிச்சு, மீதி ஏற்கெனவே செட்ல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அந்த எண்ணைச் சேர்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க. முதல்லயே எல்லாத்தையும் செட்ல போட்டு, 8 கேட்டா, ஒரே ஒரு 4 தன்னோடயே ஜோடி சேர்ந்துடும்.

பாண்டாஸ்ல (டேபிள் டேட்டாவுக்கான பைதான் லைப்ரரி) ஒரு எச்சரிக்கை: groupby, காலியா இருக்கிற கீகளைச் சொல்லாமலே விட்டுடும். டேபிள்களை இணைக்கிற மெர்ஜோ (merge) காலியையும் காலியையும் ஜோடி சேர்க்கும், எஸ்க்யூஎல் ஜாயின் சேர்க்காது.