பாப் ஆர்ட் திரை அச்சுகள்: செய்முறை அறியாமல் வண்ணத்தை ரசிக்க முடியுமா?

செவ்வண்ணன்:
விளம்பரம், சினிமா போன்ற வெகுஜனப் படங்களைக் கலையாக்கிய பாப் ஆர்ட் இயக்கத்தின் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல், நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை வைத்து 1967இல் வெளியிட்ட பத்து அச்சுகளின் தொகுப்பைப் பற்றி எழுதுவோர் பலரும் திரை, மை, அடுக்கு என்று பட்டறைக் குறிப்புகளையே தருகிறார்கள். ஒரே முகம் பத்து வண்ணச் சேர்க்கைகளில் பத்து மனநிலைகளாக மாறுவதை உணரக் கண் போதும் என்பது என் உறுதியான கருத்து.

மைத்தடம்:
நான் முற்றிலும் மறுக்கிறேன். நீங்கள் வியக்கும் அந்த மாற்றமே செய்முறை தந்த கொடைதான். ஒளியுணர் பூச்சின் மூலம், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியான திரையில் வடிவத்தைப் பதித்து, மை புக வேண்டிய பகுதிகளை மட்டும் கழுவித் திறந்தபின், ரப்பர் பட்டையால் மையை இழுத்துத் தாளில் இறக்குகிறார்கள். தூரிகைத் தடம் இல்லாமல் வண்ணம் தட்டையாகப் படிவதால், இளஞ்சிவப்பும் மஞ்சளும் நிழலின் இடைத்தரகு இன்றி நேருக்கு நேர் மோதுகின்றன. அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து திரைகள். ஒன்று புகைப்படத்துக்கு, நான்கு வண்ணப் பகுதிகளுக்கு. திரையைக் கழுவி வேறு மையை ஊற்றினால் அதே முகம் வேறொரு முகமாகிவிடும். ஓவியர் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டியிருந்தால், பத்து வேறுபாடுகள் என்ற எண்ணமே இவ்வளவு இயல்பாகப் பிறந்திருக்காது. சில அச்சுகளில் வண்ணம் புகைப்படக் கோட்டோடு பொருந்தாமல் விலகி நிற்பதையும் பாருங்கள். அடுக்குகள் தனித்தனியே இறங்கியதற்கு அதுவே சாட்சி, எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுவே.

செவ்வண்ணன்:
ஆனால் அவற்றை அச்சிட்டது நியூயார்க்கின் தொழில்முறை அச்சகம். ஒவ்வொரு படத்திலும் 250 பிரதிகள். அப்படியானால் யாருடைய செய்முறையை நாம் போற்றுகிறோம்?

திரைநோக்கி:
ஓவியர், அச்சிடுபவர் இருவருடையதையும் போற்றலாமே! பிரிட்டிஷ் பாப் ஆர்ட் கலைஞர் எடுவார்டோ பாவ்லோட்சியின் 1965ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றை லண்டனின் கெல்ப்ரா ஸ்டூடியோவில் அச்சிட்ட கிறிஸ் பிரேட்டர், வெறும் ஏவலாளராகக் கருதப்படவில்லை. சிக்கலான வடிவங்களைத் துல்லியமாக வெட்டிப் பொருத்திய அவருடைய திறமை இல்லாமல் அந்த நெருக்கமான வண்ணப் பரப்புகள் உருவாகியிருக்க மாட்டா.

செவ்வண்ணன்:
பிரேட்டரைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். இருப்பினும், மர்லின் தொகுப்பில் கருமையும் சாம்பலுமாக அமைந்த ஓர் அச்சு உண்டு. அதே திரைகளால் இன்னொரு பளீரென்ற சேர்க்கையையும் இறக்கியிருக்க முடியும் எனும்போது, அங்கே வண்ணத்தை விலக்கிவைக்கத் தூண்டியது எது? அந்தத் தேர்வைத் திரையும் மையும் விளக்குவதில்லை. மற்ற ஒன்பதின் நடுவே அதை வைத்துப் பார்க்கும் கண்ணுக்குத்தான் அது புலப்படுகிறது.