சோளப்பொரி போன்ற கரு: எந்த மார்க்கர்களை முதலில் கேட்பது?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். இங்கே ஒரு சிறிய ஆய்வகத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருக்கிறேன். மாந்தோப்பு வைத்திருக்கும் 34 வயதுக்காரருக்கு ஓராண்டாகக் கழுத்தில் வலியில்லாத நெறிக்கட்டி. வெளியில் எடுத்த ஊசிச் சோதனையில் காசநோய் என்று எழுதிவிட்டார்கள். மாத்திரையில் கட்டி குறையாததால், முழுதாக அறுத்தெடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்லைடில் சிறு லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்) நிறைந்த பெரிய முடிச்சுகள் தெரிகின்றன. அவற்றினிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள பெரிய செல்களின் கரு, பொரிந்த மக்காச்சோளம் போல மடிந்து மடிந்து இருக்கிறது. இயோசினோபில்கள் என்னும் வெள்ளணுக்கள் இல்லை, வழக்கமான ஹாட்ஜ்கின் லிம்போமாவின் (நிணநீர்ப் புற்றுநோய்) அடையாளமான, ஆந்தைக் கண் போன்ற ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. செல்லிலுள்ள அடையாளப் புரதங்களை (மார்க்கர்) நிறமேற்றிக் காட்டும் இம்யூனோ சாயத்திற்கு, மெழுகில் பதித்த திசுவை (பிளாக்) பெங்களூருக்கு அனுப்ப வேண்டும்; செலவு நோயாளியுடையது. எவற்றை முதலில் கேட்கலாம்?

பதில் 1 (தருமபுரி):
நீங்கள் விவரிப்பது முடிச்சு வடிவ, லிம்போசைட் மிகுந்த ஹாட்ஜ்கின் லிம்போமாவாகத் தோன்றுகிறது. ஹாட்ஜ்கின் நோயாளிகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கே இது வரும். 2022இல் வெளியான ஒரு வகைப்பாடு இதை ஹாட்ஜ்கின் என்றே அழைப்பதில்லை, பெயர்க் குழப்பம் வேறு! சி.டி.20, சி.டி.45, சி.டி.15, சி.டி.30 ஆகிய நான்கு மார்க்கர்களையும் கேளுங்கள். பெரிய செல்களில் முதல் இரண்டும் ஏறி, பின்னிரண்டும் ஏறாவிட்டால் இந்த வகைதான். ஆனால் வழக்கமான ஹாட்ஜ்கினிலும் சில வேளைகளில் சி.டி.20 திட்டுத்திட்டாக ஏறும் என்பதால், அதை மட்டும் வைத்து அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

பதில் 2 (ஓசூர்):
பெரிய செல்களை மட்டும் பார்த்தால், டி செல்லும் ஹிஸ்டியோசைட்டும் (திசுவிலுள்ள விழுங்கு செல்) மிகுந்த பெரிய பி செல் லிம்போமாவிலும் ஏறக்குறைய இதே சாயங்கள்தான் ஏறும், வேறுபடுத்துவது பின்புலம். ஆகவே முடிச்சின் உள்வலையைக் காட்டும் சி.டி.21, பெரிய செல்களைச் சுற்றும் டி செல்களைக் காட்டும் பி.டி.1 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் 1 சொல்லும் ஹாட்ஜ்கின் வகைக்கே உரிய, இலக்கணம் மாறாத முடிச்சு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அந்த லிம்போமா விலகிவிடும் என்பதால், ஃபார்மலினில் மீதித் திசு இருந்தால் அதையும் பிளாக் போடுங்கள். அந்த ஹாட்ஜ்கின் வகையின் முதல் நிலையில் கதிர்வீச்சு மட்டுமே போதுமானவரைத் தேவையில்லாமல் கீமோவுக்கு அனுப்பிவிடக் கூடாதல்லவா?

கேட்டவர், 12 நாட்களுக்குப் பின்:
நன்றி. மீதித் திசுவில் இன்னும் இரண்டு பிளாக் கிடைத்தன. சி.டி.20 பெரிய செல்களின் விளிம்பில் பழுப்புக் கோடாக ஏறியிருக்கிறது. 15, 30 இரண்டும் இல்லை. சி.டி.21 முடிச்சுகளுக்குள் வலைபோல விரிந்திருக்க, பி.டி.1 ஏறிய டி செல்கள் ஒவ்வொரு பெரிய செல்லையும் மாலைபோலச் சுற்றி நிற்கின்றன. முடிச்சு வடிவ, லிம்போசைட் மிகுந்த ஹாட்ஜ்கின் வகையென்றே அறிக்கை கொடுத்துவிட்டேன்.