என் அநாதைப் பெண்ணுக்குக் காமாலை

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு நான் பிரதி எடுக்க உட்கார்ந்தது பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவாவின் ‘கல்லறையில் அநாதைப் பெண்’. 1824இல் வரைந்தது, பாரீஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘கியோஸ் படுகொலை’ என்ற பிரம்மாண்ட ஓவியத்துக்கு ஆயத்தமாகத் தீட்டியது என்பார்கள். ஒரே ஒரு பெண், தோளில் நழுவிய துணி, மேலே பார்க்கும் கண்கள். சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

பாரீஸ் புறநகரில் இருக்கிறேன். இங்கே கடைகளில் உருவப்படத்துக்கான கேன்வாஸை எஃப் வரிசை என்று விற்பார்கள். மூலம் சுமார் 65க்கு 54 செ.மீ., அதாவது எஃப் 15. நான் எஃப் 8 வாங்கினேன், 46க்கு 38. விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் கட்டம் போட்டு வரைவதில் தொல்லை இல்லை. பார்த்து வரைய ஒரு அச்சுப் படம்.

முதல் தப்பு கண்ணில். மேலே பார்க்கிற கண் என்பதால் வெண்விழி நிறையத் தெரியும். வெள்ளை என்றால் வெள்ளைதானே என்று டைட்டானியம் ஒயிட்டை அப்படியே வைத்தேன். பெண் அழவில்லை, பேய் அறைந்த மாதிரி முழித்தாள். வெண்விழி இமையின் நிழலுக்குள் இருக்கிறது, அது சாம்பல் நிறம். சுத்த வெள்ளை வேண்டியது ஈரம் மின்னும் அந்த ஊசிமுனை அளவு புள்ளிக்கு மட்டும்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் இது உடனே தெரியும். நான் எட்டு வாரம் கழித்துத்தான் சுருக்கினேன்!

அடுத்தது தலைமுடி. ஐவரி பிளாக்கில் லின்சீட் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் குழைத்துப் பூசிவிட்டு, ஒரு வாரத்தில் அதன் மேல் டர்பன்டைன் கலந்து எண்ணெயைக் குறைத்த மெல்லிய பூச்சு. எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகுகிறது. அதிலும் அந்தக் கறுப்பு ரொம்ப மெதுவாகக் காயும். மேல் பூச்சு இறுகிவிட்டது, அடியில் இருந்தது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. சில மாதத்தில் உச்சந்தலையில் வெடிப்பு. அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது அடிப்பூச்சுக்கு அம்பர் என்ற மண்பழுப்பு வண்ணம் மட்டும்தான், சீக்கிரம் காய்கிறது.

ஆனால் பெரிய அடி வீட்டில் விழுந்தது. முடித்துவிட்டதாக நினைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். மனைவி காபியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, “ஏங்க, இந்தப் பொண்ணுக்குக் காமாலையா?” என்றாள்.

கோபம்தான். அச்சுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதிலும் அதே மஞ்சள்! “அப்போ ரெண்டு பேருக்கும் காமாலை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் லூவ்ருக்குப் போனேன் (செவ்வாய் மூடியிருக்கும், அதிலும் ஒருமுறை ஏமாந்தவன்). அவள் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன். நான் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளை அள்ளிப் போட்ட இடங்களில், கன்னம் கழுத்துக்கு இறங்கும் இடத்தில், லேசான சாம்பல் பச்சை ஓடியது. அதற்குப் பக்கத்தில் இருப்பதால்தான் உதடு அவ்வளவு சிவப்பு, சிவப்பை அதிகம் போட்டதால் இல்லை. இதை எந்த அச்சும் எனக்குக் காட்டவில்லை. தெலாக்ருவாவும் இதே லூவ்ரில் தனக்கு முந்தைய ஓவியர் ரூபன்ஸின் படங்களைப் பிரதி எடுத்தவர்தான், மூலத்தின் முன்னாலேயே நின்று. இப்போதும் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே பிரதி எடுக்கலாம், மூலத்தின் அளவிலேயே எடுக்கக் கூடாது என்பது விதி. எனக்கு இன்னும் அந்தத் துணிச்சல் வரவில்லை. பென்சிலில் நிறக் குறிப்பு எழுதிக்கொண்டு திரும்பினேன்.

இப்போது இரண்டாவது எஃப் 8. கழுத்து வரை வந்தாயிற்று, காமாலை தெளிந்துவிட்டதாக வீட்டில் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. தொடைமேல் சோர்ந்து கிடக்கும் அந்தக் கைதான் பாக்கி. மூன்று முறை சுரண்டி எடுத்தாயிற்று. கை வரைந்து பழகியவர்கள் யாராவது இருந்தால், விரலிலிருந்து தொடங்குவீர்களா, மணிக்கட்டிலிருந்தா?